லோஷனுக்குப் பதில் எண்ணெய்: எது தேறும், எது தேறாது

பாடி லோஷன் பாட்டிலைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் படித்தால் முதலில் நிற்பது தண்ணீர். பெரும்பாலான லோஷன்களில் பாதிக்கு மேல் அதுதான். நீர்க்கத் தெரிகிற ரகங்களில் 70, 80 சதவீதம்கூட இருக்கும். அப்புறம் கிளிசரின், கொஞ்சம் எண்ணெய் அல்லது மெழுகு, எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்க எமல்சிஃபையர், தண்ணீர் இருக்கிற காரணத்தால் பூஞ்சை பிடிக்காமலிருக்க ப்ரிசர்வேட்டிவ், கடைசியில் வாசனை. உடம்பு முழுக்கப் பூச 25 கிராம் லோஷன் எடுத்தால், அதில் எண்ணெய்ப்பசை சுமார் 5 கிராம் தேறும். ஒரு டீஸ்பூன். அந்த ஒரு டீஸ்பூனை நேரடியாகவே பூசிக்கொண்டால் என்ன என்று கேட்பது நியாயம்தான். பூசலாம். ஆனால் லோஷனைப் பூசுகிற மாதிரியே பூசினால் ஏமாற்றம்தான்.

எண்ணெயில் தண்ணீர் கிடையாது. அதனால் தோலுக்கு ஈரம் கொடுக்க அதற்கு வழியில்லை. தோலில் ஏற்கெனவே இருக்கிற ஈரம் ஆவியாகிப் போவதைத் தாமதப்படுத்தும், செதில் செதிலாக எழும்பி நிற்கிற மேல்தோலைப் படிய வைக்கும், அவ்வளவே. பாத்திரத்துக்கு மூடி போடுகிற வேலை. வெறும் பாத்திரத்தை மூடி என்ன பயன்? மதியம் காய்ந்து வெளுத்த காலில் எண்ணெயைத் தேய்த்துவிட்டு, ‘பளபளப்பு வந்துவிட்டது, ஆனால் உள்ளே இழுத்துப் பிடிக்கிறது, அரிப்பும் போகவில்லை’ என்று குறை சொல்பவர்களுக்கு நடப்பது இதுதான். அதுவும் தாவர எண்ணெய் சற்றுத் தளர்வான மூடி. இறுக்கமான மூடி வேண்டுமென்றால் பெட்ரோலியம் ஜெல்லிக்கு நிகர் எதுவுமில்லை. அதன் பிசுபிசுப்பைச் சகித்துக்கொள்ள முடிந்தால்.

ஆக, எந்த எண்ணெய் என்பதைவிட எப்போது, எவ்வளவு என்பதுதான் முதல் விஷயம். குளித்து முடித்ததும் துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். தண்ணீர் சொட்டக் கூடாது. கையால் தடவினால் ஈரம் தெரிய வேண்டும். துளித்துளியாக நீர் நின்றால் எண்ணெய் அந்தத் துளிகளின் மேல் மிதந்து, வழிந்து, தரையில்தான் சேரும். முழுக்க உலர்ந்துவிட்டாலோ மூடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இடைப்பட்ட அந்தப் பதம் இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கும். ஆகவே எண்ணெய் பாட்டில் குளியலறையிலேயே, தண்ணீர் தெறிக்காத இடத்தில் இருக்கட்டும்.

அளவு, ஒரு டீஸ்பூனில் தொடங்கலாம். மிகவும் வறண்ட தோல் என்றால் இரண்டு, அதாவது 10 மி.லி. வளர்ந்த ஒருவரின் தோல் பரப்பு ஏறத்தாழ 1.7 சதுர மீட்டர், 10 மி.லி. எண்ணெயை அதில் சீராகப் பரப்பினால் கனம் 6 மைக்ரான் வரும், தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அது போதும். உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு உருண்டாலும் ஒட்டுகிறதுதான் ஒட்டும்; மிச்சமெல்லாம் சட்டைக்கும் படுக்கைக்கும் போகும். உள்ளங்கையில் அரை டீஸ்பூன் விட்டு, இரண்டு கையையும் சேர்த்து ஐந்தாறு முறை தேய்த்துச் சூடாக்கி, முழங்காலுக்குக் கீழே முன்புறத்தில் தொடங்குங்கள். எண்ணெய்ச் சுரப்பி குறைவான இடம் அது. முதலில் வறள்வதும் அதுதான். கையில் எண்ணெய் அதிகமாக இருக்கும்போது அங்கே, குறைந்தபின் தொடை, கை, கடைசியில் மிச்சப் பிசுக்கை வயிற்றுக்கும் தோளுக்கும். முடி படிந்திருக்கிற திசையிலேயே, மேலிருந்து கீழாகத் தடவ வேண்டும். எதிர்த்திசையில் அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால்கள் உரசப்பட்டு, எண்ணெயும் அடைத்து, இரண்டு நாளில் சின்னச் சின்னக் கொப்புளமாகக் கிளம்பும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடிமடிப்பு ஆகிய இடங்களை விட்டுவிடலாம். அங்கே ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுத்து, பழைய பருத்தித் துணியால் ஒருமுறை ஒற்றிவிட்டு உடுத்தினால் கறை விழுவது வெகுவாகக் குறையும்.

இனி எண்ணெய்களுக்கு வருவோம். இயற்கை என்று பெயர் இருப்பதால் எல்லாம் ஒன்றாகிவிடாது. தோலைப் பொறுத்தவரை இரண்டு கொழுப்பு அமிலங்களின் விகிதம் முக்கியம்: லினோலிக், ஒலிக். தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே சாந்து மாதிரி நிற்கிற செராமைடுகளைக் கட்ட லினோலிக் அமிலம் தேவை. ஒலிக் அமிலமோ அந்தச் சாந்தைக் கலைத்து இடைவெளி உண்டாக்கக்கூடியது. மருந்துகளைத் தோலுக்குள் ஊடுருவ வைக்க உதவும் பொருளாகவே மருந்தியலில் அதற்கு ஓர் இடம் உண்டு.

இந்தக் கணக்கில் முதலிடம் சூரியகாந்தி எண்ணெய்க்கு. சாதாரண ரகத்தில் லினோலிக் அமிலம் 48 முதல் 74 சதவீதம் வரை இருக்கும். லேசானது, வாசனை குறைவு, சீக்கிரம் பரவும். ஒரே ஒரு பொறி: ‘ஹை ஒலிக்’ என்று இன்னொரு ரகம் விற்கிறது. பொரிப்பதற்காக வளர்க்கப்பட்ட விதை அது. அதில் ஒலிக் அமிலம் 75 சதவீதத்துக்கும் மேல், விகிதம் அப்படியே தலைகீழ். லேபிளில் அந்தச் சொல் இருந்தால் சமையலறையிலேயே இருக்கட்டும். வேறொரு குறையும் உண்டு. லினோலிக் அதிகமான எண்ணெய் எதுவானாலும் காற்றுபட்டால் சீக்கிரம் காறிப்போகும்.

ஆலிவ் எண்ணெயின் பெயர் அதன் தகுதியைவிடப் பெரியது. ஒலிக் அமிலம் 55 முதல் 83 சதவீதம். 2013-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 19 பேர் பங்கேற்றார்கள். முன்கையில் ஆறு சொட்டு ஆலிவ் எண்ணெய், நாளுக்கு இரண்டு வேளை, சில வாரம். தோலின் தடுப்புச் சுவர் பலவீனமாகி, லேசாகச் சிவக்கவும் செய்தது. சூரியகாந்தி எண்ணெய் பூசிய கையில் அந்தச் சேதம் இல்லை, ஈரப்பதமும் கூடியிருந்தது. 19 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் எக்ஸிமா (தோல் வறண்டு, சிவந்து, அரிக்கிற அழற்சி) உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆலிவ் எண்ணெயைப் பூசாமல் இருக்க அதுவே போதுமான காரணம். நல்ல தோலுள்ள பெரியவர் எப்போதாவது பூசினால் ஒன்றும் ஆகிவிடாது. காசு கொடுத்து வாங்கிப் பூசத்தான் அவசியமில்லை. பாதாம் எண்ணெயும் இதே குடும்பம், ஒலிக் அமிலம் 60 சதவீதத்துக்கு மேல். தடவ இதமாக இருக்கும், மசாஜுக்கு அருமை, தினசரி மாய்ஸ்சரைசராக நடுத்தரம்.

தேங்காய் எண்ணெயின் கதை வேறு. லினோலிக் மிகக் குறைவு, ஒலிக்கும் அதிகமில்லை. ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்கிற வேறொரு கொழுப்பு அமிலம். கிருமியைக் கட்டுப்படுத்துகிற குணம் அதற்கு உண்டு. 2008-ல் வெளியான ஆய்வில், எக்ஸிமா உள்ள பெரியவர்களுக்கு நான்கு வாரம் விர்ஜின் தேங்காய் எண்ணெய் பூசப்பட்டது. தொடக்கத்தில் தோலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி இருந்த 20 பேரில் முடிவில் ஒருவருக்குத்தான் மிஞ்சியது. ஆலிவ் பூசியவர்களில் 12 பேருக்கு இருந்தது, 6 பேருக்கு அப்படியே நின்றது. அரிப்பு, சொறிந்து புண்ணாகிற தோலுக்கு இது சாதாரண விஷயமில்லை. காறிப்போவதும் மெதுவாகத்தான். சுமார் 24 டிகிரியில் உறைந்துவிடும் என்பதால் குறுகிய வாய் பாட்டில் குளிர்காலத்தில் கழுத்தறுக்கும். அகல வாய் டப்பாவில் வாங்குவது நல்லது. ஈரக்கை போடாமல், உலர்ந்த ஸ்பூனால் எடுக்க வேண்டும். முதுகிலும் மார்பிலும் பரு வருகிறவர்கள் மட்டும் இதைத் தவிர்க்கலாம்.

நல்லெண்ணெயில் இரண்டு அமிலங்களும் ஏறத்தாழச் சரிபாதி. காறாமல் காக்கும் சீசமால், சீசமின் என்கிற பொருள்கள் இயல்பாகவே இருப்பதால் எளிதில் கெடாது. மணமும் கனமும் மட்டுமே குறை. பகலில் பூசி வெளியே போக முடியாது, இரவுக்குச் சரி. விளக்கெண்ணெயைத் தனியாகப் பூசவே கூடாது, ஒட்டும். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு சூரியகாந்தி கலந்தால் முழங்கைக்கும் முட்டிக்கும் நன்றாக நிற்கும். ஜோஜோபா உண்மையில் எண்ணெயே இல்லை, திரவ மெழுகு. காறிப்போகாமல் நெடுநாள் தாங்கும், பிசுபிசுக்காது; உடம்பு முழுக்கப் பூசக் கட்டுபடியாகாத விலை என்பதால் முகத்துக்கும் கைக்கும் வைத்துக்கொள்ளலாம். திராட்சை விதை, ரோஸ்ஹிப் இரண்டும் விரைவில் கெடுபவை. சின்ன பாட்டில், ஃபிரிட்ஜ், மூன்று மாதத்துக்குள் காலி. கடுகெண்ணெயில் உறைப்பைத் தருகிற அல்லைல் ஐசோதயோசயனேட் தோலையும் எரிக்கும்; மாய்ஸ்சரைசர் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிடுங்கள்.

‘பாடி ஆயில்’ என்று அழகான பாட்டிலில் வருபவற்றை வாங்குமுன் பின்பக்கம் படிக்க வேண்டும். பெயரில் ஆர்கன், பாதாம் என்று இருக்கும். பட்டியலில் முதலில் மினரல் ஆயிலோ (பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது) ஐசோப்ரொபைல் பால்மிடேட்டோ (ஆலையில் தயாராகிற லேசான எண்ணெய்ப்பொருள்) இருக்கும், ஆர்கன் வாசனைத் திரவியத்துக்குப் பக்கத்தில் கடைசியில் பதுங்கியிருக்கும். மினரல் ஆயில் கெட்டதில்லை. மூடி என்ற வகையில் நல்ல மூடிதான். 2004-ல் வறண்ட கால்களில் தேங்காய் எண்ணெயோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் சமமாகவே வேலை செய்தன. ஆர்கன் விலையில் அதை வாங்குவதுதான் கெட்டது. ‘கேப்ரிலிக் கேப்ரிக் ட்ரைகிளிசரைடு’ என்று இருந்தால் அது தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த லேசான பகுதி. உறையாது, மணக்காது, எளிதில் கெடாது, கூடவே லாரிக் அமிலமும் கிடையாது.

அந்த லாரிக் இல்லாமை சிலருக்கு வரம். தேமல் வருகிற உடம்பென்றால் கவனம் தேவை. தேமலை உண்டாக்கும் மலசீசியா என்கிற ஈஸ்ட் தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே செய்துகொள்ளாது. தோலில் கிடைப்பதைத்தான் தின்னும். நாம் தினமும் பூசுகிற தாவர எண்ணெய் அதற்கு விருந்து. மார்பு, தோள், மேல்முதுகில் ஒரே அளவாக, அரிக்கிற சின்னக் கொப்புளங்கள் எழுந்தாலும் அதே சந்தேகம் வர வேண்டும். இவர்களுக்குக் கேப்ரிலிக் வகையோ மினரல் ஆயிலோ பொருந்தும். புழுக்கமான நாட்களில் உடம்பு முழுக்க எண்ணெய் பூசி வேர்க்குருவை வரவழைத்துக்கொள்வதும் வேண்டாத வேலை. அப்போது முழங்காலுக்குக் கீழே மட்டும் போதும்.

புதிய எண்ணெய் எதையும் முதலில் முழங்கை மடிப்பின் உட்புறம், நாணயமளவு இடத்தில், காலை மாலை ஏழு நாள் பூசிப் பாருங்கள். ஒருநாள் சோதனையில் ஒவ்வாமை பெரும்பாலும் பிடிபடாது. கொட்டை, எள் ஒவ்வாமை உள்ளவர்கள் அந்த எண்ணெய்களைச் சோதித்துக்கூடப் பார்க்க வேண்டாம். செக்கில் ஆட்டியதில் புரதத் துணுக்குகள் தங்கியிருக்கும், சுத்திகரித்ததில் குறைவு. வாசனைக்காக எசென்ஷியல் ஆயில் சேர்க்காமலிருப்பதே உத்தமம். சேர்த்தே தீருவேன் என்றால் 100 மி.லி.க்கு 20 சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். பெர்கமாட் மாதிரியான சிட்ரஸ் வகை பூசி வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும்.

எந்த எண்ணெயும் சன்ஸ்கிரீன் ஆகாது. சன்ஸ்கிரீனுக்கு அடியில் எண்ணெய் வழவழவென்று கிடந்தால் மேலே போடுவது சீராகப் படியாமல் திட்டுத்திட்டாகப் பிரியும். ஆகவே வெயில் படும் கைகளுக்குக் காலையில் லோஷனே மேல். லேடெக்ஸ் கையுறையும் ஆணுறையும் எண்ணெய் பட்டால் வலுவிழந்து கிழியும். எண்ணெய் பாட்டிலின் லேபிளில் பெரும்பாலும் இதைப் போடுவதில்லை.

லோஷன் தெளிவாக ஜெயிக்கிற இடங்களும் இருக்கின்றன. அடிக்கடி கழுவுகிற கைகளில் எண்ணெய் நிற்காது. மேற்கையில் உப்புக்காகிதம் மாதிரிச் சொரசொரக்கும் பொரிகளுக்கு யூரியாவோ லாக்டிக் அமிலமோ உள்ள க்ரீம்தான் வேண்டும். எண்ணெய் அவற்றை வழவழப்பாக்கும், கரைக்காது. பித்தவெடிப்புக்கும் அப்படியே: முதலில் 10 சதவீத யூரியா க்ரீம், பத்து நிமிடம் கழித்து அதன் மேல் விளக்கெண்ணெய்க் கலவை, மேலே பருத்திச் சாக்ஸ், இரவு முழுக்க. உடம்புக்கும் இந்த இரட்டை அடுக்கு பொருந்தும். கிளிசரின் உள்ள மலிவான, வாசனையில்லாத லோஷனை உள்ளங்கையில் எடுத்து மூன்று சொட்டு எண்ணெய் கலந்து பூசினால், தண்ணீரும் மூடியும் ஒன்றாக வந்துவிடும். கலப்பது உள்ளங்கையில் மட்டும். பாட்டிலுக்குள் எண்ணெய் ஊற்றினால் லோஷன் பிரிந்து போகும்.

எண்ணெய் கெட்டதை மூக்கே சொல்லிவிடும்: பழைய பெயிண்ட், மெழுகுக் கிரேயான் வாடை. மூக்குக்கு முன்பே பாட்டிலின் வாய் சொல்லும். திருகுமரையைச் சுற்றி எண்ணெய் கோந்து மாதிரி இழுக்கும். அப்படி ஆனதைத் தோலில் போடக் கூடாது, எரிச்சல் தரும். கறுப்பு அல்லது பழுப்புப் பாட்டில், 100 மி.லி.க்கு அரை மி.லி. வைட்டமின் ஈ சேர்த்தால் காறுவது தள்ளிப்போகும். அது கிருமியைத் தடுக்காது என்பதால் தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை.

துண்டுகளைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. தினமும் எண்ணெய் ஒற்றிய துண்டு மாதக்கடைசியில் மொடமொடவென்று, காறல் வாடையோடு நிற்கும். வழக்கமான சோப்புத்தூளும் குளிர்ந்த நீரும் அந்தப் பிசுக்கை எடுக்காது. வாரம் ஒருமுறை சுடுநீரில் சலவைச்சோடா போட்டு ஊறவைத்துத் துவைக்க வேண்டும். எண்ணெய் போகாத துண்டை டிரையரில் சூடேற்றி, சூட்டோடு மடித்துக் குவித்து வைக்கக் கூடாது. சூரியகாந்தி மாதிரியான எண்ணெய் காற்றோடு வினைபுரியும்போது தானே வெப்பம் வெளிவிடும். குவியலுக்குள் அந்த வெப்பம் தங்கி, துணி தானாகத் தீப்பிடித்த சம்பவங்கள் சலவைக்கூடங்களில் நடந்திருக்கின்றன. கொடியில் விரித்துக் காயப்போட்டால் அந்தப் பயமில்லை.