ஜெர்மனியின் காலி பாட்டில் எந்திரம்: நசுக்காமல் கொண்டுபோனால் காசு உறுதி

ஜெர்மனியில் ஒரு தண்ணீர் பாட்டிலோ கோலா டின்னோ வாங்கினால், ரசீதில் விலைக்குக் கீழே 25 சென்ட் தனியாக ஏறியிருக்கும். அது வரி இல்லை, ‘ஃபாண்ட்’ எனப்படும் முன்பணம். காலி பாட்டிலை சூப்பர் மார்க்கெட் எந்திரத்தில் போட்டால் முழுசாகத் திரும்பி வரும். ஒருமுறை மட்டும் பயன்படும் பாட்டில்களுக்கு 2003 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் அவசியம் பழகிக்கொள்ள வேண்டிய, நேர்மையான சேவை.

பெரும்பாலோர் காசை விடுவது ஒரே தவறால்தான்: பையில் இடம் பிடிக்கிறதே என்று பாட்டிலை நசுக்கிவிடுகிறார்கள். எந்திரம் பாட்டிலைப் படுக்கவைத்து உருட்டி, லேபிளில் உள்ள பார்கோடையும், பாட்டிலும் டின்னும் வளைந்த அம்பும் சேர்ந்த முத்திரையையும் தேடுகிறது. லேபிள் கிழிந்தாலோ மடங்கினாலோ அதற்குக் கண் தெரியாது, அப்படியே வெளியே தள்ளிவிடும். உள்ளே கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தாலும் எடை இடித்துத் திருப்பிவிடலாம். ஆகவே நன்றாகக் காலிசெய்து, லேபிளோடு, ஒவ்வொன்றாக, அடிப்பாகம் முன்னால் போகும்படி வையுங்கள். நசுக்கும் வேலையை எந்திரமே உள்ளே செய்துகொள்ளும். ஒரே பாட்டிலுக்கு இரண்டு தடவை காசு வாங்க முடியாமல் இருப்பதற்குத்தான் அது. ஏற்கெனவே நசுங்கிவிட்டதா? முத்திரை தெரிந்தால் ஊழியரிடம் கையில் கொடுங்கள், வாங்கிக்கொள்ள வேண்டும்.

குழப்பம் தருவது தொகைதான். பலமுறை கழுவிப் பயன்படுத்தும் பாட்டில்களுக்குக் கணக்கே வேறு: சாதாரண பியர் பாட்டிலுக்கு 8 சென்ட், தண்ணீர் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 15, காலி கிரேட்டுக்கு வழக்கமாக 1.50 யூரோ. கடை தான் விற்கும் வகையை மட்டும் வாங்கினால் போதும் என்பதால், மலிவு விலைக் கடைகள் பலவற்றில் இந்தப் பாட்டில்களை ஏற்காமல் எந்திரம் வெளியே தள்ளிவிடும். 25 சென்ட் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை. 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடை, பிளாஸ்டிக் பாட்டில் விற்றால் எந்த பிராண்டின் பிளாஸ்டிக் பாட்டிலையும் வாங்கியாக வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலில் வரும் ஜூஸ் 2022 முதலும், பால் 2024 முதலும் இதில் சேர்ந்துவிட்டன. அட்டைப்பெட்டிப் பாலுக்கு முன்பணம் இல்லை. பக்கத்து நாட்டில் வாங்கி வந்த டின்னில் ஜெர்மன் முத்திரை இருக்காது. அதற்குக் காசு எதிர்பார்க்க வேண்டாம்.

எந்திரத்தின் உண்மையான குறை, பின்னால் உள்ள தொட்டி நிறைந்ததும் நின்றுவிடுவது. மணி அடித்து ஊழியர் வந்து மாற்றும்வரை வரிசை நகராது. ஞாயிறன்று கடை மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை மாலை கூட்டம் அலைமோதும். வாரநாள் காலையில் போய்விடுங்கள்.

எல்லாவற்றையும் போட்டபின் பச்சைப் பொத்தானை அழுத்த மறக்காதீர்கள். வரும் சீட்டை அதே கடையின் கவுண்டரில் கொடுத்தால் பில்லில் கழிப்பார்கள், பணமாகவும் தருவார்கள். சில எந்திரங்களில் தொகையை நன்கொடையாக்கும் பொத்தானும் இருக்கும். அவசரத்தில் அதை அழுத்தினால் சீட்டு வராது. சீட்டு அன்றைக்கே காலாவதி என்பது தவறான நம்பிக்கை: வாங்கிய ஆண்டு முடிந்தபின் மேலும் 3 ஆண்டுகள் உரிமை உண்டு. ஆனால் வெயில் பட்டால் எழுத்து மங்கிவிடும் தாள் அது, பர்ஸில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள்.

ஒயின் பாட்டிலை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம். அது தெருவோரக் கண்ணாடித் தொட்டிக்குப் போகும், நிறம் பார்த்து. நீலக் கண்ணாடி பச்சைத் தொட்டியில். சத்தம் கேட்கும் என்பதால் இரவிலும் ஞாயிறன்றும் போடக்கூடாது. அனுமதித்த நேரம் தொட்டியிலேயே எழுதியிருக்கும்.