கிரீன் ஸ்டஃப்: சிற்றுருவங்களை உருமாற்றுவோருக்கு ஏற்ற பட்டி

28 மில்லிமீட்டர் போர் விளையாட்டு உருவங்களை வெட்டி ஒட்டி உருமாற்றும் ஆர்வலர்களுக்கு, மஞ்சளையும் நீலத்தையும் சம அளவில் பிசைந்தால் பச்சையாகும் ‘கிரீன் ஸ்டஃப்’ எப்பாக்சி பட்டியை (பிசைந்து உருவம் கொடுத்தபின் தானே இறுகும் களிமண் போன்ற பொருள்) தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற வெக்கையான தோட்டப்புற ஊரில் அது சீக்கிரமே இறுகத் தொடங்குவதால், ஒரு மேலங்கிக்குத் தேவையான அளவை மட்டும் பிசைவது நல்லது. கருவியின் முனையை நீரில் நனைத்துக்கொண்டு இழுத்தால், ஓர்க் என்னும் கற்பனை அரக்க வீரனின் தோளில் விழும் துணி மடிப்புகூட மயிரிழைக் கூர்மையுடன் நிற்கிறது. இந்த நெகிழ்வை வேறெந்தப் பட்டியிலும் நான் கண்டதில்லை.

நாடா வடிவில் விற்கப்படுவதில் இரு நிறங்களும் தொடும் நடுக்கோடு முன்பே கெட்டிப்பட்டிருக்கும். அதை வெட்டி எறிந்துவிட வேண்டும். மீந்ததை ஐஸ் பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் நெடுநாள் தாங்கும். இறுகியபின் உப்புத்தாளுக்கு எளிதில் மசியாததால் வாள், கவச விளிம்புகளுக்கு இது ஏற்றதன்று. மறுநாள் அடிப்பூச்சு தடவி அக்ரிலிக் வண்ணம் தீட்டலாம்.