நூலகம் தளத்தின் நினைவு மலர்கள்: பின்பக்கத்திலிருந்து வாசியுங்கள்

ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வருடி வைத்திருக்கும் நூலகம் தளத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2005இல் சில தன்னார்வலர்கள் சேர்ந்து தொடங்கியது, இன்றைக்கு எங்களில் யாராவது ஒரு பழைய புத்தகத்தைத் தேடினால் முதலில் தட்டுகிற கதவு அதுதான். ஆனால் எல்லாரும் நாவலையும் சஞ்சிகையையும் பற்றியே கதைக்கிறார்கள். நான் எழுதப்போவது அதிலுள்ள நினைவு மலர்கள் என்ற பிரிவைப் பற்றி மட்டும்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் அதைச் சுற்றியிருக்கிற ஊர்களுக்கும் ஆயுள் முழுக்க உழைத்த மனிதர்களை அறிய வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் வாசிக்கும் விதத்தில் ஒரு சங்கதி இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நாலு மலரைத் திறந்து பார்த்துச் சலித்துப்போய் மூடிவிடுவீர்கள்.

வெளியூர்க்காரருக்காக ஒரு சின்ன விளக்கம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள், கல்வெட்டு என்றும் சொல்வோம். அட்டையில் படம், தோற்றம், மறைவு. உள்ளே திதி வெண்பா, பஞ்சபுராணம், சிவபுராணம், பிறகு வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் புலம்பல் பாட்டு, நண்பர்களின் அனுதாபச் செய்தி, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். நூறோ இருநூறோ அடித்து வீடு வீடாகப் போய்விடும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, 1995 ஒக்டோபரில் போரால் குடாநாட்டின் வலிகாமப் பகுதி முழுவதும் ஓரிரவில் எழும்பி நடந்தபோது வீட்டு அலுமாரிகளும் போயின. இந்த மலர்கள் ஓரளவு தப்பியதற்குக் காரணம் அவை ஒரே இடத்தில் இருக்கவில்லை என்பதுதான். ஒரு பிரதி கொழும்பில், ஒன்று வவுனியாவில், ஒன்று ரொறன்ரோவில் யாருடையவோ சாமியறையில்.

தளத்தில் ஒரு மலரைத் திறந்தால் முதலில் ஒரு பெட்டி வரும்: நூலக எண், ஆசிரியர், வெளியீட்டாண்டு, பக்கங்கள். அதற்குக் கீழே தரவிறக்கும் இணைப்பு, பக்கத்திலேயே கோப்பின் அளவும் இருக்கும், தரவிறக்கிய பின் வாசிக்கச் சொல்லும் குறிப்பும் இருக்கும். இந்தக் குறிப்பை மதியுங்கள், பெரிய கோப்பைக் கைபேசியில் நேரே திறக்கப் பார்த்தால் திணறும். காசு இல்லை, கணக்குத் திறக்கச் சொல்லாது, விளம்பரம் ஒன்றும் பாய்ந்து வராது. பல மலர்களுக்கு உள்ளடக்கத்தையும் ஒருங்குறியில் தட்டச்சிட்டு வைத்திருக்கிறார்கள், யார் பொறுமையாக இருந்து அடித்தார்களோ தெரியாது, அவர்களுக்கு ஒரு கும்பிடு.

சரி, பல்கலைக்கழக ஆட்கள். பெரிய பெயர்களைத் தேடினால் நிறைய வரும். 1974இல் திருநெல்வேலியில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்த க. கைலாசபதி, 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தரான சு. வித்தியானந்தன் போன்றவர்களைப் பற்றி நினைவு மலர்கள் மட்டுமல்லாமல் பேருரைகள், சஞ்சிகைக் கட்டுரைகள் என்று பெரிய குவியலே இருக்கிறது. கைலாசபதி 1982 டிசம்பரில் ஐம்பது வயதுகூட ஆகாமல் போய்விட்டார். அவரைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இலக்கிய விமர்சகர்கள், ஆகவே விமர்சகர் கைலாசபதியே திரும்பத் திரும்ப வருகிறார். புதிதாக முளைத்த ஒரு வளாகத்துக்கு மேசை கதிரை தேடி, விரிவுரையாளர் தேடி அலைந்த நிருவாகி கைலாசபதியை நீங்கள் வரிகளுக்கிடையில்தான் பொறுக்க வேண்டும். வித்தியானந்தன் பற்றியும் அப்படித்தான், அவர் மேடையேற்றிய நாட்டுக்கூத்து வந்து மற்றதையெல்லாம் மூடிவிடும்.

நான் அதிக நேரம் செலவழித்தது பேராசிரியர் அ. துரைராசாவுக்காக. கேம்பிரிட்ஜில் மண் பொறியியல் செய்தவர். அங்கே அதே துறையில் இருந்த ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் இருவரோடும் சேர்ந்து அவர் 1963இல் எழுதிய களிமண் பற்றிய கட்டுரையை இன்றைக்கும் அந்தத் துறையில் மேற்கோள் காட்டுகிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக வந்து, 1994 ஜூனில் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். என்ன ஆண்டுகள் என்று பாருங்கள். முதலில் இந்திய இராணுவம், 1990க்குப் பிறகு திரும்பவும் போர், மின்சாரம் இல்லை, எரிபொருள் தடை, ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு திரியும் வைத்துத்தான் பிள்ளைகள் படித்தார்கள்.

துணைவேந்தர் சைக்கிளில் வேலைக்குப் போனார் என்ற கதை அவரைப் பற்றி எழுதிய எல்லாரிடமும் இருக்கிறது. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் டொக்டரும் சைக்கிள், அதிபரும் சைக்கிள், மாப்பிள்ளை பெண் பார்க்கப் போனதும் சைக்கிள். அதையே பெரிதாக எழுதி எழுதி மற்றதெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது என்பது என் முறைப்பாடு. விரும்பினால் வேறு நாட்டில் பேராசிரியராக இருந்திருக்கக்கூடியவர் ஏன் இங்கே இருந்தார், குண்டு விழுகிற நாட்களில் பரீட்சையை எப்படி நடத்தினார், தாள் எங்கேயிருந்து வந்தது, கிளிநொச்சியில் 1990இல் விவசாய பீடம் தொடங்கியது எந்தத் துணிச்சலில், இதெல்லாம்தான் எனக்குத் தெரிய வேண்டியது. கிடைக்கிறது, ஆனால் பேராசிரியர்கள் எழுதிய நீண்ட கட்டுரைகளில் கிடைக்காது. நிருவாகத்தில் கூட வேலை செய்தவர்கள், மாணவர்கள் எழுதிய அரைப்பக்க, ஒரு பக்கக் குறிப்புகளில் கிடைக்கும். பொறியியல் பீடம் அவர் மறைந்து ஏறத்தாழ இருபது வருடம் கழித்து அதே கிளிநொச்சியில்தான் வந்தது.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். பதவியில் இருந்தவர்களை விடுங்கள், அவர்களைப் பற்றி எப்படியும் யாராவது எழுதுவார்கள். பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூட உதவியாளராக, நூலகத்தில் புத்தகம் அடுக்குபவராக, கணக்குக் கிளையில் எழுதுநராக முப்பது வருடம் இருந்துவிட்டு ஓய்வுபெற்றவர்களுக்கும் மலர் இருக்கிறது. பல்கலைக்கழக வரலாற்றில் அவர்களுக்கு ஒரு வரி கிடையாது. கம்பஸில் வேலை என்றால் ஊரில் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பை வைத்து அவர் சனசமூக நிலையத் தலைவராகியிருப்பார், வாசிகசாலைக்குப் பேப்பர் வரப் பண்ணியிருப்பார், கோயில் பரிபாலன சபையில் சண்டை தீர்த்திருப்பார், பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பப் படிவம் நிரப்பத் தெரியாத பிள்ளைகளுக்குப் பின்னேரம் திண்ணையில் இருந்து நிரப்பிக் கொடுத்திருப்பார். பல்கலைக்கழகமும் ஊரும் ஒட்டிக்கொண்டது இந்த ஆட்களால்தான் என்று நான் நினைக்கிறேன், எந்த ஆண்டறிக்கையிலும் இதைப் பார்க்க முடியாது.

ஆனால் மலரின் முன்பக்கத்தில் இது இருக்காது. முன்பக்கத்தில் எல்லாரும் "பண்பாளர்", எல்லாரும் "சேவைச் செம்மல்", எல்லாரும் இன்முகம் காட்டி வரவேற்றவர்கள். வாழ்க்கை வரலாறு என்று வருவது பெரும்பாலும் பிறந்த ஊர், படித்த பாடசாலை, பதவிகள், மணம் முடித்த ஆண்டு, மருமக்களின் தொழில். ஆகவே பின்னாலிருந்து வாருங்கள். நன்றி நவிலலில் யாருக்கு நன்றி சொல்கிறார்கள் என்று பாருங்கள்: பந்தல் போட்டவர், செய்தி கேட்டு ஓடிவந்த பல்கலைக்கழக ஊழியர் சங்கம், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்த பழைய மாணவர்கள், பிரேதம் எடுக்க வாகனம் தந்த கூட்டுறவுச் சங்கம். அதுதான் அந்த மனிதருடைய உண்மையான தொடர்பு வட்டம். அதற்கு முந்திய பக்கங்களில் அனுதாபச் செய்திகள். அவற்றில் தலைவர் செயலாளர் கையெழுத்துப் போட்டதைத் தாண்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் எழுதியதைத் தேடுங்கள். அப்படி ஒன்றில், இறந்தவர் ஊரில் யார் யாருக்கு எந்த ஆண்டு எந்த பீடத்தில் இடம் கிடைத்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாராம், பெறுபேறு வரும் நாளில் பிள்ளைகளைவிட அவருக்குத்தான் நெஞ்சிடியாம். வாழ்க்கை வரலாற்றுப் பகுதியில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மின்வருடலின் தரம் பற்றியும் சொல்ல வேண்டும். பொதுவாக நல்லது, வாசிக்க முடியாத பக்கம் குறைவு. தொண்ணூறுகளின் தொடக்கத்து மலர்களில் ஒரு விசேஷம் உண்டு. அச்சுத் தாள் யாழ்ப்பாணத்துக்கு வராத காலம், பத்திரிகைகளையே பாடசாலைக் கொப்பித் தாளில் அடித்தார்கள். அந்தக் காலத்து மலர் ஒன்றை நன்றாகப் பெருப்பித்துப் பார்த்தேன். தேவார வரிகளுக்குக் குறுக்காக நீலக் கோடுகள் ஓடுகின்றன, இடது பக்கத்தில் சிவப்பு ஓரக்கோடு, அதற்கு மேலாலேயே இறந்தவருடைய படம். மை சில எழுத்தில் ஊறிப் பரவி "ள"வும் "ன"வும் ஒன்றாகத் தெரிகின்றன. இதைத் துப்புரவாக்குகிறேன் பேர்வழி என்று கறுப்பு வெள்ளையாக மாற்றாமல் நிறத்திலேயே வருடி வைத்ததற்கு நன்றி. அந்தக் கோடு போயிருந்தால் பாதி வரலாறு போயிருக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை, ஆனால் அவற்றில் பல தளத்தின் குறை அல்ல, மலர்களின் குறை. பெண்களின் மலர்களைப் பாருங்கள். நாற்பது வருடம் ஆசிரியையாக இருந்து ஊரில் பாதிப் பேருக்கு அகரம் எழுதக் கொடுத்தவராக இருப்பார். மலரிலோ கணவரின் பதவியும் பிள்ளைகளின் பட்டங்களும்தான் முக்கால்வாசி. அரசியலும் அப்படியே. 1987, 1990, 1995 எல்லாம் "நாட்டுச் சூழ்நிலை காரணமாக இடம்பெயர்ந்து" என்று ஒரே வரியில் கடந்துபோகும். பயம் இருந்தது, விளங்குகிறது. ஆனால் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட ஊரில், அந்த ஆண்டுகளில் அங்கே வேலை செய்த ஒருவருடைய முழு வாழ்க்கை வரலாற்றிலும் அப்படியொரு காலம் இருந்ததற்கான தடயமே இல்லாமல் வாசிக்கும்போது ஒருமாதிரி இருக்கும். இந்த மலர்களை மட்டும் வைத்து வரலாறு எழுத வெளிக்கிடாதீர்கள்.

தளத்தின் பக்கம் என்று பார்த்தால் தேடல்தான் கொஞ்சம் பழக வேண்டியது. வருடிய பக்கங்கள் படங்களாக இருப்பதால் உள்ளே இருக்கும் ஒரு வரியைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். தலைப்பு, உள்ளடக்கம், விவரப் பெட்டி இவற்றில் இருப்பதைத்தான் நம்ப வேண்டும். எழுத்து வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள்: துரைராசா, துரைராஜா இரண்டையும் போடுங்கள், "யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்" என்றும் "யாழ். பல்கலைக்கழகம்" என்றும் போடுங்கள். ஆட்களுக்கென்று ஆளுமை என்ற தனிப் பக்கங்கள் உண்டு, அவற்றில் சொந்தப் பெயர் முதலிலும் தகப்பன் பெயர் பிறகும் வரும். அங்கேயிருந்து தொடங்கினால் அந்த ஆளைப் பற்றி வேறு எந்த ஆவணத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பல இடங்களில் குறிப்பும் கிடைக்கும். பெயர் தெரியாவிட்டால் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், பாடசாலை நூற்றாண்டு மலர், வாசிகசாலை ஆண்டு மலர் என்று வரும், அவற்றின் குழுப் படங்களில் உங்கள் ஆள் இரண்டாவது வரிசையில் நிற்பார்.

இந்தக் காலத்து மலர்களை ஒப்பிட்டால் பழையவற்றின் அருமை இன்னும் விளங்கும். இப்போது பளபளத்த தாள், முழு நிறம், எல்லாவற்றிலும் அதே குத்துவிளக்கு, அதே தாமரை. எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு மலர் அடிக்கக் கொடுத்தபோது ஓர் அச்சகம் அனுப்பிய முதல் படியில் வேறு யாருடையவோ பேரப்பிள்ளைகளின் பெயர்கள் அப்படியே கிடந்தன, கேட்டால் "அது மாதிரிதானே அண்ணை, மாத்தித் தாறம்" என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எழுதும் அரைப்பக்கத்துக்கு இந்த வடிவமைப்புகளில் இடமே விடுவதில்லை.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை, அரை குறைத்தது தேடலுக்காக. வீட்டில் பழைய மலர்கள் இருந்தால் நூலக நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள், மின்வருடக் கொடுக்கலாம். இறந்தவர் பெரிய ஆளாக இருக்க வேண்டியதில்லை. கொடுப்பதற்கு முன் குடும்பத்தில் ஒருவரிடம் சம்மதம் வாங்குங்கள், தாள்களைக் கோத்திருக்கும் துருப்பிடித்த கம்பியை நீங்களே இழுத்துக் கழற்றாதீர்கள், நடுத்தாள் கிழிந்துவிடும். உள்ளே யாராவது பேனையால் பெயரோ திகதியோ திருத்தியிருந்தால் அழிக்காமல் அப்படியே கொடுங்கள். வம்சாவளிப் பக்கத்தில் அச்சகம் விட்ட பிழையை வீட்டு ஆட்கள் பேனையால்தான் திருத்தி வைத்திருப்பார்கள், பெரும்பாலும் பேனை சொல்வதுதான் சரி.