ஷெர்லாக்: முதல் ரெண்டு சீசனுக்கு நான் கியாரண்டி

பிபிசியின் 'ஷெர்லாக்' தொடரை இன்னும் பார்க்காதவர்கள் முதல் இரண்டு சீசன்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பிக்கலாம், மூன்றாவது நேரமிருந்தால், நான்காவது உங்கள் தலையெழுத்து. சீசனுக்கு மூன்றே எபிசோட்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம்.

2010இல் வந்த முதல் எபிசோட், துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த எழுத்தாளர் கோனன் டாயிலின் முதல் ஹோம்ஸ் நாவலைத் தழுவியது. அது வெளிவந்தது 1887இல். அதில் ஹோம்ஸின் நண்பர் வாட்சன் ஆப்கானிஸ்தான் போரில் அடிபட்டுத் திரும்பிய ராணுவ டாக்டர். நூற்றிருபது வருஷத்துக்கும் மேல் கழித்து பிரிட்டிஷ் ராணுவம் அதே ஆப்கானிஸ்தானில் நின்றுகொண்டிருந்ததால், எழுதியவர்களுக்கு அங்கே மாற்ற வேண்டிய வேலையே இல்லை!

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த செல்போன் விஷயம். 1890இல் வந்த இரண்டாவது நாவலில், வாட்சன் நீட்டும் பாக்கெட் கடிகாரத்தில் சாவி போடும் துளையைச் சுற்றியுள்ள கீறல்களைப் பார்த்தே, இதை வைத்திருந்தவர் குடிகாரர், கை நடுங்கியிருக்கிறது என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். தொடரில் கடிகாரம் போய் போன் வந்திருக்கிறது, கீறல்கள் சார்ஜர் செருகும் இடத்தைச் சுற்றி. எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, வாட்சனின் அண்ணன் தம்பி யாரோ என்று ஷெர்லாக் நினைக்க, அது சகோதரி என்று தெரிந்ததும் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே. அதேபோல பைப் புகைக்கு பதிலாகக் கையில் ஒரே நேரத்தில் மூன்று நிகோடின் பேட்ச் (புகைப்பதை விட நினைப்பவர்கள் தோலில் ஒட்டிக்கொள்வது). பழைய கதை தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் தனி குஷி, தெரியாதவர்களுக்கும் நஷ்டமில்லை.

ஒரு எச்சரிக்கை: ஷெர்லாக்காக நடிக்கும் பெனடிக்ட் கம்பர்பேட்ச் பேசுகிற வேகத்துக்கு சப்டைட்டில் கட்டாயம், ஆனால் துப்புகளும் எஸ்எம்எஸ்களும் வேறு திரையில் எழுத்தாக மிதப்பதால் எதைப் படிப்பது என்று திண்டாடுவீர்கள்.

நான்காவது சீசனில்தான் வண்டி தடம்புரண்டது. டாயில் கதையில் யாரோ ஒருவர் ஹோம்ஸ் குடியிருக்கும் பேக்கர் தெரு வீட்டு மாடிப்படி ஏறி வந்து தன் கஷ்டத்தைச் சொல்வார், அதிலிருந்துதான் எல்லாமே ஆரம்பிக்கும். இங்கே அந்த ஆள் காணாமல் போய், ஹோம்ஸ் வீட்டுக் குடும்ப ரகசியமே கதையாகிவிட்டது. அதுவும் நாம் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கிற மாதிரி துப்பு எதுவும் தராமல்.

கேஸ்தான் வேண்டும் என்றால் அமெரிக்கர்கள் எடுத்த 'எலிமெண்டரி'க்கு வாருங்கள். 2012 முதல் 2019 வரை ஏழு சீசன், 154 எபிசோட், நியூயார்க்கில் நடக்கிறது, பார்ப்பதற்குச் சாதாரணப் போலீஸ் தொடர் போலத்தான் இருக்கும். பழைய கதைகளில் ஹோம்ஸ் கொக்கெய்ன் ஏற்றிக்கொள்வதை இவர்கள் போகிற போக்கில் விடாமல், போதையிலிருந்து மீண்டுகொண்டிருக்கும் ஆளாகவே அவரைக் காட்டுகிறார்கள். அவர் மறுபடி அந்தப் பக்கம் போகாமல் கூடவே இருந்து கவனிக்க வருகிற முன்னாள் சர்ஜன்தான் வாட்சன், நடித்திருப்பவர் லூசி லியூ. முதல் சில எபிசோட் கொஞ்சம் இழுக்கும். முதல் சீசன் கடைசியில் ஹோம்ஸின் பரம எதிரி மோரியார்ட்டி யார் என்று தெரியும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்குள் நடிகர் பட்டியலை நெட்டில் தேடித் தொலைத்துவிடாதீர்கள்.