பதினாலு மாதம், ஒன்பது ட்யூப், ஆறு காலர்

கோயம்புத்தூர் தோழி போன வாரம் கேட்டாள்: "ஏய், நீ போடுற அந்த சன்ஸ்கிரீன் விலை குறைஞ்சிருக்குடி. வாங்கவா?" ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று காலையில்தான் கொடியிலிருந்து புது லேப் கோட்டு ஒன்றை எடுத்திருந்தேன். காலரில் மறுபடி அதே ஆரஞ்சுக் கறை.

நான் மதுரையில் லேப் டெக்னீஷியன். தினமும் ஸ்கூட்டியில் போகவர நாற்பது நிமிடம், பிறகு நாள் முழுக்க ஜன்னலோரம் வெள்ளைக் கோட்டோடு வேலை. அந்த சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 50 (வெயிலில் தோல் கருகாமல் காக்கும் அளவு), பிஏ நாலு ப்ளஸ் (புற ஊதா-ஏ கதிரைத் தடுக்கும் அளவு), ஜெல் மாதிரி இருக்கும், முகத்தில் சாம்பல் பூசினதுபோல் நிற்காது. இதெல்லாம் டப்பாவிலேயே இருக்கிறது.

கன்னத்தில் மங்கு வந்துதான் இதற்குள் இறங்கினேன். அம்மா ஜாதிக்காய் அரைத்துப் பூசச் சொன்னார். கூட வேலை பார்க்கும் அக்கா மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஒரு க்ரீமைக் காட்டினார். ட்யூப்பின் பின்பக்கம் படித்தால் ஸ்டீராய்டு. பத்து நாளில் பளபளப்பாகும், போகப்போகத் தோல் மெலிந்து சிவக்கும். வேண்டாம் என்று தோல் டாக்டரிடம் போனேன்.

சன்ஸ்கிரீன் முதல் ட்யூப் எனக்கு நாலு மாதம் வந்தது. அதைப் பெருமையாகச் சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டார். "அப்போ நீங்க போடவே இல்லம்மா." எஸ்பிஎஃப் எண்ணை அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அளக்கிறார்களாம். நான் பொட்டு வைப்பதுபோல் நாலு புள்ளி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் முழு நீளத்துக்குப் பிதுக்கினால்தான் கணக்கு சரி. அப்படிப் போட்டால் 50 கிராம் ட்யூப் ஒன்றரை மாதம்கூடத் தாங்காது. விலை அங்கேதான் கடிக்கிறது.

ஆனால் வேலை செய்தது. ஆறாவது மாதம் மங்கின் ஓரம் கரைந்தது. இப்போது வெளிச்சத்தில் நின்று தேடினால்தான் தெரியும். டாக்டர் தந்த இரவு க்ரீமுக்கும் இதில் பங்கு உண்டு, மறைப்பானேன்.

சரி, காலர். முதலில் மஞ்சள் கறை என்றுதான் நினைத்தேன். மஞ்சள் என்றால் சோப்பு பட்டால் சிவக்கும், வெயிலில் காயப்போட்டால் வெளுத்துவிடும். இது நேரெதிர். கழற்றும்போது கோட்டு சுத்தமாக இருக்கும். துவைத்தபிறகுதான் கறை முளைக்கும். ப்ளீச்சில் ஊறவைத்தேன், இன்னும் கறுத்தது. மூன்று கோட்டு போனபிறகுதான் எனக்கு உறைத்தது. தினமும் ரசாயனத்தோடு குப்பை கொட்டுகிற ஆள், வெட்கம்தான். ஜெல்லில் அவோபென்சோன் என்ற வெயில் தடுப்பு ரசாயனம் இருக்கிறது. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் இரும்பு. பக்கெட் அடியில் துரு படியும். இரண்டும் சேர்ந்தால் இந்த நிறம்.

கொடுமை என்னவென்றால், ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும் புற ஊதா-ஏ கதிரைத் தடுக்கிறதும் அதே அவோபென்சோன்தான். அதை விட்டால் மங்கு திரும்புமோ என்று பயம். ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற ஊரில் 1992-லிருந்து நாலரை வருடம் ஆய்வு செய்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு, தோன்றியபோது மட்டும் பூசியவர்களைவிடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு என்று வந்தது. அது வெள்ளைத் தோல்காரர்கள் கணக்கு, நமக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் நிறுத்த மனம் வரவில்லை.

எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் தேய்த்து அரைமணி விட்டால் கறை பாதி இறங்குகிறது. அம்மா துருக் கறைக்குச் செய்வதுதான். காலரை மட்டும் கேன் தண்ணீரில் அலசிப் பார்த்தேன், கறை வரவேயில்லை. ஆனால் குடிக்கிற தண்ணீரில் கோட்டு அலசுகிற வசதி எனக்கில்லை. ட்யூப்பில் ஒரு ஓரமாக "இரும்புத் தண்ணீரில் துணி கறைபடும்" என்று அச்சடித்தால் அந்த கம்பெனிக்கு என்ன குறைந்துவிடும்?

மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. கன்னத்தைக் கேட்டால் நாலரை தரும், தெரியும். சிறுவாணித் தண்ணீரில் துவைக்கிறவளுக்கு இந்தப் பிரச்சினை வரவும் வராது. இருந்தும் அவளிடம் "வாங்காதடி" என்றுதான் சொல்லிவைத்தேன். ஆறாவது காலர் இன்னும் எலுமிச்சையில் ஊறிக்கொண்டிருக்கிறது.