பட்டுப்புடவ சூட்கேஸும் 15 ராத்திரியும்: யூரோப்ல ரயிலா, காரா, ஃப்ளைட்டா?

என் காலேஜ் ரூம்மேட் ஒருத்தி, பொள்ளாச்சிக்காரி, ம்யூனிக்ல வேல பாக்கறா, அவளுக்கு 2025 ஜூன்ல கல்யாணம். பொண்ணு பொள்ளாச்சி, மாப்ள இத்தாலில வெரோனா பக்கம், கல்யாணம் கார்டா ஏரிக்கரைல மால்செசினேன்னு ஒரு குட்டி ஊர்ல. மாப்ள வீட்ல ஜூலை கடைசில வெச்சுக்கலாம்னாங்களாம், அப்பதான் அங்க எல்லாருக்கும் லீவு. இவ அம்மா ‘ஆடி’ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க. ஜூன் 14, சனிக்கிழமனு ஆச்சு.

கோயம்புத்தூர்ல இருந்து அவ்ளோ தூரம் போறோம், கல்யாணத்த மட்டும் பாத்துட்டு திரும்பறதுக்கு மனசு வருமா, ரெண்டு பேரும் லீவு போட்டு 15 ராத்திரி தேத்துனோம். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எங்க வீட்ல சண்டையே எப்படி சுத்தறதுங்கறதுதான். இவருக்கு கார் ஓட்டணும், எனக்கு ரயில், இவரு தம்பி வேற நடுவுல வந்து அங்கெல்லாம் ஃப்ளைட் பஸ் டிக்கெட் விலைக்கு கெடைக்கும் அண்ணின்னு கொளுத்திப் போட்டுட்டு போயிட்டான். போயிட்டு வந்ததுல இருந்து நாலு பேரு கேட்டுட்டாங்க எது பெஸ்ட்னு. டிக்கெட் விலைய மட்டும் பாத்து இதுக்கு பதில் சொல்ல முடியாதுங்க. சாதா டூரா இருந்தா ஆளுக்கொரு பேக் மாட்டிட்டு கெளம்பிடலாம். கல்யாணம்னா பட்டுப்புடவ, வேட்டி சட்டை, நக டப்பா, அவங்களுக்கு கொண்டு போற சாமான்னு தனியா ஒரு பெரிய சூட்கேஸ் சேந்துக்குது. அந்த சூட்கேஸ் எங்க இருக்கு, எப்ப கைய விட்டுப் போகும், இதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது.

சூட்கேஸுக்குள்ள என்னன்னும் சொல்லிடறேன். பொண்ணோட அம்மா ஃபோன் பண்ணி, ஏங்கண்ணு, தேங்கா வெத்தல மல்லிப்பூ மைசூர்பா எல்லாம் உங்கூடவே கொண்டு போயிரு சாமின்னாங்க. யூரோப்பியன் யூனியனுக்குள்ள வெளிநாட்டுல இருந்து பாலு, நெய்யி, கறி கலந்தது எதும் பெட்டில கொண்டு போகக் கூடாது, அதனால நெய் மைசூர்பா அவுட். செடி, எல, பூ, பழத்துக்கு எல்லாம் செடிநோய் இல்லன்னு சர்ட்டிபிகேட் வேணும், வெத்தலயும் மல்லியும் அவுட். ஆனா அஞ்சே அஞ்சு பழத்துக்கு அந்த சர்ட்டிபிகேட் வேண்டாம்: அன்னாசி, தேங்கா, டுரியன், வாழப்பழம், பேரீச்சம்பழம். அந்த லிஸ்ட்ட படிச்சு காமிச்சதும் ஆன்ட்டிக்கு வந்த சந்தோஷத்த பாக்கணுமே, தேங்காய விட்டுட்டாங்கல்ல, வெவரமானவங்கதான்னாங்க. பொள்ளாச்சிக்காரங்ககிட்ட போய் ம்யூனிக் கடைல தேங்கா வாங்கிக்கலாம்னு சொல்ல முடியுமா. ரெண்டு தேங்கா, ஏர்லைன்ல கேட்டுட்டு செக்-இன்ல போட்டோம் (கொப்பரைய மட்டும் எடுத்துட்டு போயிடாதீங்க, எண்ணெ இருக்கறதால தீப்பிடிக்கும்னு நிறுத்திடுவாங்க).

சரி, மொத கேள்வி, கல்யாணத்த ட்ரிப்போட ஆரம்பத்துல வெக்கறதா, நடுவுலயா, கடைசிலயா. கடைசில வெச்சா பத்து நாள் பட்டுப்புடவய ஊர் ஊரா சொமக்கணும். எறங்குன மறுநாளே கல்யாணம்னா, ஜெட் லாக் ஒன்னும் பெரிசில்ல, கோடைல ஜெர்மனிக்கும் நமக்கும் மூன்ற மணி நேரந்தான் வித்தியாசம், ஆனா செக்-இன் பெட்டி ஒரு நாள் லேட்டா வந்தா ஜீன்ஸ்லதான் கல்யாணத்துல நிக்கணும். அதனால முன்பக்கமா தள்ளி, மூணு ராத்திரி ம்யூனிக்ல அவ ஃப்ளாட்ல, அப்புறம் மால்செசினே நாலு, மிச்சம் வெரோனா ஒன்னு, வெனிஸ் ரெண்டு, ஃப்ளோரன்ஸ் மூணு, ரோம் ரெண்டுன்னு போட்டோம். இந்த வரிச சரின்னு இப்பவும் சொல்லுவேன். தப்பு வேற எடத்துல நடந்துச்சு, வரேன்.

இந்த ராத்திரி கணக்கு விசாவுக்கும் வேணும். ஷெங்கன் விசாவ (யூரோப்ல பெரும்பாலான நாட்டுக்கும் சேத்து ஒரே விசா) எந்த நாட்டுல அதிக நாள் தங்கறோமோ அவங்ககிட்டதான் கேக்கணும், மொதல்ல எறங்கற நாடுங்கறது நாள் சமமா இருந்தா மட்டுந்தான். ம்யூனிக்ல எறங்குனாலும் நாங்க அப்ளை பண்ணது இத்தாலிக்கு. ஆளுக்கு 90 யூரோ, 30,000 யூரோ கவரேஜ்க்கு குறையாம இன்சூரன்ஸ், ஆறு மாசம் முன்னாடியே போடலாம், தயவுசெஞ்சு போட்டுருங்க, கோட சீசன்ல ஸ்லாட் கெடைக்கறது தீபாவளி டிக்கெட் மாதிரி. ஒரு தடவ ப்ளான குடுத்துட்டா அப்புறம் சுவிஸ்ல நாலு நாள் கூட்டலாமா, இத்தாலில நாலு கொறைக்கலாமான்னு வெளையாட முடியாது.

இப்ப ரயில். பாஸா, தனித்தனி டிக்கெட்டான்னு இவரு எக்ஸெல் ஷீட்டே போட்டாரு. நம்மள மாதிரி வெளிய இருந்து போறவங்களுக்கு யூரெயில் பாஸ், அங்கயே குடியிருக்கறவங்களுக்கு இன்டர்ரெயில், 33 நாட்டுல ஓடும். ஒரு மாசத்துல நாலு நாள் மட்டும் ரயில் ஏறிக்கற பாஸ் நாங்க பாத்தப்போ ஆளுக்கு 280 யூரோவ ஒட்டி இருந்துச்சு. பெரிய பயணம்னு எண்ணிப் பாத்தா எங்களுக்கும் சரியா நாலுதான்: ம்யூனிக்ல இருந்து ரொவெரேதோ (மால்செசினே போக நாங்க எறங்குன ஸ்டேஷன்), வெரோனா டு வெனிஸ், வெனிஸ் டு ஃப்ளோரன்ஸ், ஃப்ளோரன்ஸ் டு ரோம். இதுல இத்தாலியோட ஹைஸ்பீட் ரயில்ல பாஸ் இருந்தாலும் சீட் ரிசர்வேஷனுக்கு ஒவ்வொரு தடவையும் தனிக் காசு. அதுவே ரெண்டு மூணு மாசம் முன்னாடி தனித்தனியா எடுத்ததுல நாலும் சேந்து ஆளுக்கு 130 யூரோக்குள்ள முடிஞ்சுது, பாதிக்கும் கீழ. யூரோ நூறு ரூபாய தொட்டுட்டு நின்ன நேரம், அந்த வித்தியாசம் எங்களுக்கு சின்னதில்ல.

அதுக்காக பாஸ் வேஸ்ட்னு சொல்ல மாட்டேன். எங்க பஸ்ஸு மாதிரி நெனச்ச ரயில்ல ஏறிக்கலாம்ங்கறது ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ்ல நெஜமாவே நடக்கும், அங்க பெரும்பாலான ரயிலுக்கு ரிசர்வேஷன் கட்டாயம் இல்ல. மழ பெஞ்சா இந்த ஊரு, வெயிலடிச்சா அந்த மலைன்னு சுத்தறவங்களுக்கு பாஸ்தான் லாபம். தேதி ஆணி அடிச்ச மாதிரி நிக்கற கல்யாண ட்ரிப்புல அந்த சுதந்திரத்துக்கு காசு குடுத்து என்ன பண்றது. ஒரே ஒரு எடத்துல பாஸ் ஜெயிக்குது, விசா வர்றதுக்கு முன்னாடியே வாங்கற மலிவு டிக்கெட்ட பெரும்பாலும் திருப்பித் தர மாட்டாங்க, சாதா பாஸ தொடாம வெச்சிருந்தா கொஞ்சம் புடிச்சுட்டு மிச்சத்த குடுத்துடுவாங்க. நாங்க விசா கைல வந்தப்புறம்தான் டிக்கெட் எடுத்தோம், அதுக்குள்ள ம்யூனிக் ரயில் கொஞ்சம் ஏறிடுச்சு, பரவால்ல.

அந்த ம்யூனிக் ரயில பத்தி ரெண்டு வரி சொல்லாம இருக்க முடியல. இன்ஸ்ப்ரூக் தாண்டி ப்ரென்னர் கணவாய் ஏறி அந்தப் பக்கம் போல்சானோ, ட்ரென்டோன்னு எறங்குது, கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், ஒரு பக்கம் ஆறு, மலச்சரிவு பூரா திராட்சக்கொடி, ஆப்பிள் தோட்டம். பக்கத்து சீட்டு பாட்டி மடில நாய்க்குட்டி, எங்க மடில புளியோதர டப்பா. வெரோனா டு வெனிஸ்க்கு மட்டும் சாதா ரீஜனல் ரயில் போதும், ஒன்ற மணி நேரம், இன்னைக்கு எடுத்தாலும் அதே வெலதான், முன்கூட்டி எடுத்து ஒன்னும் மிச்சமில்ல. பேப்பர் டிக்கெட்னா ஏறறதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல இருக்கற மெஷின்ல முத்திர குத்திக்கணும், இல்லன்னா ஃபைன்.

காருக்கு இவரு கடைசி வரைக்கும் வாதாடுனாரு. மால்செசினேல ரயில்வே ஸ்டேஷனே இல்லங்கறது அவரோட பெரிய பாயின்ட்டு, அது நெஜமும் கூட, ரொவெரேதோல எறங்கி பஸ்ல ஏரிக்கரைல இருக்கற ரீவாவுக்கு, அங்கருந்து ஃபெர்ரி. கார்னா சூட்கேஸ டிக்கில போட்டு பொண்ணு வீட்டு வாசல்ல இருந்து ஹோட்டல் வாசலுக்கே போயிடலாம்ல. சரி, செலவ கூட்டுவோமா. இன்டர்நேஷனல் பெர்மிட் ஆர்டிஓல எடுக்கணும். ஆஸ்திரியா ஹைவேக்கு வின்யெட்டுனு ஸ்டிக்கர், ப்ரென்னர் ரோடு அதுல சேராது, அதுக்கு தனி டோல், இத்தாலிக்குள்ள நொழஞ்சா மறுபடி டோல். 2025 ஜனவரில இருந்து ப்ரென்னர் ரோட்ல ஒரு பழைய பாலத்துல பெரும்பாலான நாள் பக்கத்துக்கு ஒரு லேன்தான் விடறாங்க. ஒரு நாட்டுல எடுத்த கார இன்னொரு நாட்டுல விட்டா எக்ஸ்ட்ரா சார்ஜ், அதுவே சில சமயம் வாடகைய தாண்டிடும். எல்லாத்துக்கும் மேல இத்தாலில பழைய ஊருக்குள்ள ஸோனா ஆ ட்ராஃபிகோ லிமிடாடோனு ஒரு எல்ல போட்டு கேமரா வெச்சிருக்காங்க, பெர்மிட் இல்லாம தாண்டுனா ஃபைன். கல்யாணத்துக்கு வந்த இன்னொரு ஜோடி இப்படி ஒரு ஊர்ல ஹோட்டல தேடி ரெண்டு ரவுண்டு வந்துருக்காங்க, அப்ப ஒன்னும் தெரியல, ஊருக்கு வந்து மூணாவது மாசம் ரெண்டு லெட்டர், ரவுண்டுக்கு ஒன்னு. இவரு அன்னைக்கு அவங்களுக்கு ஃபோன்ல ஆறுதல் சொல்லிட்டு என்ன ஒரு பார்வ பாத்தாரு பாருங்க, அது போதும் எனக்கு.

டோலமைட்ஸ் மலைக்குள்ளயோ டஸ்கனி கிராமத்துப் பக்கமோ தங்கறவங்க கார் எடுங்க, அங்க அது இல்லாம கஷ்டம். வெனிஸ், ஃப்ளோரன்ஸ், ரோம்னு போறவங்களுக்கு கார் ஒரு தலவலி, வெனிஸ்ல நிறுத்தறதுக்கே வாடக குடுக்கணும்.

ஃப்ளைட்ட சீக்கிரம் முடிச்சுடறேன். கொழுந்தனார் சொன்ன பஸ் டிக்கெட் வெல, முதுகுல ஒரு சின்ன பேக் மட்டும் கொண்டு போறவங்களுக்கு. எங்க 23 கிலோ சூட்கேஸ சேத்ததும் டிக்கெட்ட விட பெட்டிக்கு அதிகமாச்சு. ஏர்போர்ட் பேரயும் நம்பாதீங்க, ம்யூனிக் வெஸ்ட்னு போட்ட மெம்மிங்கன் ம்யூனிக்ல இருந்து 100 கிலோமீட்டருக்கு மேல, பாரிஸ்னு விக்கற போவே 80 கிலோமீட்டர் தள்ளி. இவருக்கு பாரிஸ் ஆச இருந்துச்சு, வெனிஸ்ல இருந்து பறந்துட்டு வந்துடலாம்னாரு, போக ஒரு நாள் வர ஒரு நாள்னு கணக்கு பாத்ததுல மிச்சம் ஈஃபில் டவர் கீழ நின்னு ஒரு ஃபோட்டோதான் தேறுச்சு. விட்டுட்டோம்.

தங்கறதுல ஒரு ஒப்பீடு, ரெண்டே வரி. ஏரியோட தெக்கு மொனைல ரயில் நிக்கற பெஸ்கியேராவுல ரூம் மால்செசினேவ விட கொறச்ச, அங்க தங்கி பஸ்லயோ ஃபெர்ரிலயோ வந்துக்கலாம்னு தோணும். செய்யாதீங்க. ஃபெர்ரி சாயங்காலத்தோட நின்னுடும், ஏரிக்கர ரோடு ஒத்தையடி மாதிரி, சனிக்கெழம ஒரே நெருக்கடி, ராத்திரி ஒரு மணிக்கு பட்டுப்புடவையோட எந்த பஸ்ஸுக்கு நிப்பீங்க. கல்யாணம் எந்த ஊரோ அந்த ஊர்லயே ரூம், இதுல மட்டும் காசு பாக்காதீங்க.

நாங்க கோட்ட விட்டது ஏர் டிக்கெட்லதான். ம்யூனிக் போயி ம்யூனிக்ல இருந்தே திரும்பறதா, ம்யூனிக்ல எறங்கி ரோம்ல ஏறறதான்னு வந்தப்போ ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வெல, திரும்ப வடக்க ம்யூனிக் போற ஒரு நாள் மிச்சம்ல, ரோம்னு போட்டுட்டோம், புத்திசாலித்தனமா பண்ணிட்டோம்னு நெனப்பு வேற. கல்யாணம் முடிஞ்ச மறுநாள் பொண்ணோட அண்ணன் வேன்ல ம்யூனிக் திரும்பறாரு, எடம் இருக்கும்மா பெட்டிய குடுத்துரு ஃப்ளாட்ல வெச்சுடறேன்னாரு. நாங்கதான் ம்யூனிக் திரும்பலையே. அதனால அந்த சூட்கேஸ் எங்ககூட வெனிஸ் வந்துச்சு. ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா நேரா கால்வாய், ரோடுங்கறதே கெடையாது. வாப்பரெத்தோனு அவங்க தண்ணி பஸ்ஸு, 75 நிமிஷ டிக்கெட் ஆளுக்கு 9.50 யூரோ, மேப்ல பத்து நிமிஷம்தான் காட்டுது நடந்துடலாம்னாரு இவரு. ஸ்டேஷன் எதுக்க ஸ்கால்சி பாலம் மேல ஏறற படி, எறங்கற படி, அது ஒன்னு, அப்புறம் சின்னதா மூணு பாலம். மூணாவதுல டொக்குனு ஒரு சத்தம், சக்கரம் ஒன்னு படி படியா உருண்டு போயி கால்வாய்ல விழுந்துச்சு, நாங்க ரெண்டு பேரும் நின்னு அத பாத்துட்டே இருந்தோம். ஃப்ளோரன்ஸ், ரோம் ரெண்டு ஊரயும் மூணு சக்கரத்துல இழுத்தாரு மனுஷன், ஒரு வார்த்த பேசல, பேசாததுதான் எனக்கு பயமா இருந்துச்சு.

ரவுண்ட் ட்ரிப் போட்டிருந்தா? வெரோனால இருந்து ம்யூனிக் அஞ்சர மணி நேர ரயில், ஆளுக்கு இன்னொரு அம்பது அறுபது யூரோ, ரோம ஒரு நாள் கொறச்சிருப்போம், இல்ல ரோமையே விட்டிருப்போம். ஆனா கல்யாணத்துக்கு அப்புறம் எட்டு நாளும் முதுகுப் பையோட சுத்திருக்கலாம். வெறும் டூர்னா கண்ண மூடிட்டு ஒரு ஊர்ல எறங்கி இன்னொரு ஊர்ல ஏறுங்க. கல்யாணத்துக்குப் போறீங்க, எறங்கற ஊர்ல பெட்டிய விட ஆளு இருக்கு, அப்படின்னா அதே ஊருக்கு திரும்பற மாதிரி போடுங்க.

கல்யாணம் எப்படி இருந்துச்சுன்னு யாரும் கேக்கலயே. மால்செசினே கோட்டைல, 1786ல ஜெர்மன் கவிஞர் கத்தே இந்த கோட்டைய ஒக்காந்து வரஞ்சிட்டு இருந்தப்ப ஊர்க்காரங்க ஒற்றன்னு புடிக்க பாத்தாங்களாம், அங்கதான். கல்லு பாவுன ஏத்தத்துல பட்டுப்புடவயோட ஹீல்ஸ கைல புடிச்சுட்டு ஏறுனேன். மொதல்ல இத்தாலி முறப்படி படிச்சு கையெழுத்து, அப்புறம் ஒரு ஓரமா மஞ்சக்கயிறு, மாப்ளைக்கு மூணாவது முடிச்சு வரவே இல்ல, ஆன்ட்டி பின்னாடி இருந்து தமிழ்லயே சொல்லிக் குடுத்தாங்க, அவருக்கு புரிஞ்சுது. தேங்கா ஒடைக்க கோட்டைல எடம் தேடுனா எல்லாம் எழுநூறு எண்ணூறு வருஷத்து கல்லு, இதுல அடிக்கலாமான்னு எல்லாரும் முழிக்கறோம். கடைசில ஹோட்டலுக்கு பின்னாடி, ஏரிக்கு எறங்கற படில ஒடச்சோம், பூ விழுந்துச்சு.

பிப்ரவரில வளைகாப்புனு கூப்ட்டிருக்கா, ம்யூனிக்லயே. போறதும் வர்றதும் ம்யூனிக்னே டிக்கெட் பாத்துட்டு இருக்கோம், சூட்கேஸ் இவரே கடைக்கு போயி தட்டித் தட்டி பாத்து வாங்கிட்டு வந்துட்டாரு.