வரைபடத்தில் இல்லாத தீவு: கிங் கிஸர்டின் 'ஃபாண்டம் ஐலண்ட்' இசைத்தொகுப்பு

வயலின் கூட்டத்தைக் கேட்டே வளர்ந்த தமிழ்ச் செவிக்கு, ராக் இசைக்குழு ஒன்று ஆர்க்கெஸ்ட்ராவைத் துணைக்கு அழைத்துக்கொள்வது பெரிய புதுமையாகத் தோன்றாது. இளையராஜாவின் பாடல்களில் வயலின்கள் பாடகருக்குப் பின்னால் கைகட்டி நிற்பதில்லை; எதிர்வழக்காடும். அந்தப் பழக்கத்தோடுதான், மெல்பர்ன் நகரைச் சேர்ந்த சைக்கடெலிக் ராக் குழுவான 'கிங் கிஸர்ட் அண்ட் தி லிஸர்ட் விஸர்ட்' 2025 ஜூன் 13ஆம் தேதி வெளியிட்ட 'ஃபாண்டம் ஐலண்ட்' தொகுப்பைக் கேட்டேன். 2010இல் தொடங்கிய குழுவுக்கு இது 27ஆவது தொகுப்பு. 2017ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து தொகுப்புகளை வெளியிட்டவர்கள் என்பதால், இந்த எண்ணிக்கையைக் கண்டு ரசிகர்கள் யாரும் வியப்பதில்லை.

பழைய கடல் வரைபடங்களில் இடம்பெற்று, தேடிப் போனபோது வெறும் கடலாகவே இருந்த தீவுகளுக்குத்தான் ஆங்கிலத்தில் 'ஃபாண்டம் ஐலண்ட்' என்று பெயர். ஏழு தீவுகளை ஒட்டவைத்து ஒரே ஜூரோங் தீவாக்கிய சிங்கப்பூரில் இருந்துகொண்டு இத்தலைப்பைப் படிக்கும்போது சிரிப்பும் வருகிறது.

தொகுப்பில் பத்துப் பாடல்கள் உள்ளன. ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஓடுகின்றன. 2024இல் வந்த 'ஃப்ளைட் பி741' தொகுப்புக்கான ஒலிப்பதிவின்போது உருவாகி, அதில் சேராமல் அரைகுறையாக நின்ற பாடல்களை எடுத்து, இசைக்கோப்பாளர் சாட் கெல்லியிடம் ஒப்படைத்து, ஆர்க்கெஸ்ட்ராவுக்கான பகுதிகளை எழுதி வாங்கியிருக்கிறார்கள். பந்தி பாதி முடிந்த பிறகு வந்து சேர்ந்த விருந்தாளிகள் இந்த வயலின்கள். சில பாடல்களில் அவர்களுக்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறது; சிலவற்றில் இல்லை.

நல்ல இடம் கிடைத்ததற்கு 'டெட்ஸ்டிக்' சான்று. இயந்திரம் நின்றுபோன விமானத்தை, உந்துவிசை இல்லாமல் மிதக்கவிட்டே தரையிறக்குவதைக் குறிக்க விமானிகள் பயன்படுத்தும் சொல் அது. அப்படி விழுந்துகொண்டிருப்பவனின் பாட்டுக்கு, டிரம்பெட் முதலான ஊதுகருவிகள் கல்யாண ஊர்வலத்துக்கு வந்தவைபோல் கும்மாளமிடுகின்றன. ஆபத்தைப் பாடும்போது குதூகலமாக வாசிக்கும் இந்தக் குறும்புதான் கிங் கிஸர்டின் உண்மையான முகம் என்பது என் எண்ணம்.

என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது 'ஸ்பேஸ்சிக்'. விண்வெளியில் இருப்பவன் வீட்டை நினைத்து ஏங்கும் பாடல் அது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிங்கப்பூரின் இந்திய வட்டாரமான தேக்காவின் புல்தரையில், காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு, கைபேசியை நீட்டிப் பிடித்தபடி ஊரிலுள்ள பிள்ளையின் முகம் பார்த்துப் பேசும் தொழிலாளர்களைக் கண்டவர்களுக்கு, இந்த ஏக்கத்தைப் புரிந்துகொள்ள விண்கலம் ஏதும் தேவைப்படாது. விளையாட்டுப் பிள்ளைகளாகவே அறியப்பட்ட குழு இத்தனை நேரடியாகப் பிரிவைப் பாடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் நடுப்பகுதியில் சில பாடல்களில், பாடகர் பாடும் மெட்டையே வயலின்களும் பின்தொடர்ந்து தேய்க்கின்றன. கித்தார், தாள வாத்தியங்கள், மாறி மாறிப் பாடும் குரல்கள் என்று ஏற்கெனவே நிரம்பிய இடத்தில் அவை மூச்சுத் திணறுகின்றன. காதில் செருகும் ஒலிக்கருவியில் கேட்டால் நெரிசல் இன்னும் கூடுகிறது. வீட்டு ஒலிபெருக்கியில் சற்று விலகி அமர்ந்து கேட்டபோது ஒவ்வொரு வாத்தியமும் தனித்துத் தெரிந்தது.

'ஃப்ளையிங் மைக்ரோடோனல் பனானா' தொகுப்பில், கித்தார்களில் கூடுதல் மெட்டுக்கட்டைகளைப் பொருத்தி, மேலைச் சுரங்களின் இடைவெளிகளுக்குள் புகுந்து வாசித்தவர்கள் இவர்கள். கமகம் கேட்டுப் பழகிய நமக்கு அது உடனே ஒட்டிக்கொண்டது. அந்த வகை மயக்கத்தைத் தேடி வருபவர்கள் இங்கு ஏமாறுவார்கள். இதில் இருப்பது எழுபதுகளின் ராக் இசையும் அதன் மேல் படர்ந்த ஆர்க்கெஸ்ட்ராவும்தான்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஸ்பாட்டிஃபை இசைத் தளத்தின் அப்போதைய தலைமை நிர்வாகி டேனியல் எக், ராணுவத் தொழில்நுட்ப நிறுவனமான ஹெல்சிங்கில் முதலீடு செய்ததைக் கண்டித்து, 2025 ஜூலையில் இக்குழு அத்தளத்திலிருந்து தன் இசையை விலக்கிக்கொண்டு, பேண்ட்கேம்ப் தளத்தில் விரும்பிய தொகையைக் கொடுத்துப் பெறும்படி செய்தது. நான் இசைத்தட்டாகவே வாங்கினேன். உறையின் மூலை நசுங்கியிருந்ததைக் காட்டியபோது, "தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். தட்டுக்கு உண்மையில் ஒன்றும் ஆகவில்லை.

முதன்முறை கேட்பவர்கள் கடைசிப் பாடலான 'குரோ விங்ஸ் அண்ட் ஃப்ளை'யிலிருந்து தொடங்கலாம். குழுவும் ஆர்க்கெஸ்ட்ராவும் ஒன்றையொன்று இடிக்காமல் சேர்ந்து எழும்புவது அதில்தான். பெருவிரைவு ரயில் சுவா சூ காங்கைக் கடந்து கிராஞ்சியை நோக்கிச் செல்லும்போது, கட்டடங்கள் விலகி இருபுறமும் பச்சை தெரியத் தொடங்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு அப்பாடலை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.